தாழ்ந்த இருக்கை

இருபத்தாறு ஆண்டுகள்
துர்க்கு நகரப் பேருந்தின் உயரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்,
சிக்னலில் என் முழங்காலுக்குக் கீழே வந்து நின்று
பச்சை விழுந்ததும் காணாமல் போகும் கார்களை.

இன்று வாங்கிவிட்டேன்.
என் மகனைவிட ஒரு வயது மூத்த மாஸ்டா.
கூரைத் துணியில் தையல், கதவோரம் துரு.
விற்ற வெய்க்கோ பணத்தை எண்ணவில்லை.
சாவியை நீட்டினார், விடவில்லை.
"குளிரில் மூன்றாவது கியர் அடம்பிடிக்கும்.
திட்டாதீர்கள்."

இதில் ஏறவில்லை,
இறங்கி உட்கார்ந்தேன்.
இடுப்பு என்னவோ கேட்டது.
பதில் சொல்லவில்லை.
ஏப்ரல் குளிர்தான், இருந்தாலும் கூரையை மடித்தேன்.

பாலத்தருகே சிவப்பு.
வலப்பக்கம் வந்து பெருமூச்சு விட்டு நின்றது
ஒன்றாம் எண் பேருந்து.
அதன் சக்கரத் திருகாணிகள் என் கண்மட்டத்தில்;
அவற்றை இத்தனை அருகில் பார்த்ததே இல்லை.
மேலே, கண்ணாடியில் நெற்றி பதித்து, மர்யத்தா:
"ஹில்க்கா, நீயா?"
பச்சை.
அவள் கேட்டு முடிக்கையில் நான் அங்கே இல்லை.

பிறகு, மருத்துவமனை நிறுத்தத்தில்
என்னைக் கேட்காமலே
கால் பிரேக்கை மிதித்துவிட்டது.
உருளைக்கிழங்குப் பையோடு ஒரு பெண்
என்னைப் பார்க்கிறாள்,
வழித்தடப் பலகையைப் பார்க்கிறாள்,
குனிந்து மறுபடி என்னை.

ஓர் இடம் காலிதான்.
கதவு திறக்கும் பொத்தானைத்
தேடிக்கொண்டிருக்கிறது என் கை.