இரவல்: பூஜ்யம்

தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
காற்று ஆளைத் தூக்கிவிடாமலிருக்க.
அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள்
மூன்றரை மணிப் பிள்ளைகள்,
புந்தா அரேனாஸ் ஜலசந்தியின் மொத்தக் குளிரையும்
என் கதவு வழியாக உள்ளே விட்டபடி.

'பதின்பருவத்தினர் பிரிவு' என்று
பலகை மாட்டியது என் தவறு.
ஆறு மாதம் ஒரு குஞ்சு அந்தப் பக்கம் ஒதுங்கவில்லை.
பலகையைக் கழற்றினேன்.
அலமாரியை
என் மேசையிலிருந்து கண் எட்டாத
ஹீட்டர் மூலைக்குத் தள்ளினேன்.
சுவரொட்டியும் போட்டியும் கேக்கும் செய்யாததை
ஹீட்டர் செய்தது.

என்ன வாங்கலாம் என்று கேட்டுப் பெட்டி வைத்தேன்.
விழுந்தவை: சூயிங்கம் தாள் நான்கு,
என் மூக்கின் படம் ஒன்று, நன்றாகவே இருந்தது,
அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு:
"பேய். ஆனால் கடைசியில் விளக்கம் சொல்லாத பேய்."
வாங்கினேன், ஏழு.
நாகுவேல் பர்ரியா ஏழையும் முடித்துவிட்டு
இரண்டாவது பேய் விளக்கம் சொல்லிவிட்டது என்று
சண்டைக்கு வந்தான்.

ஆண்டுக் கடைசியில் களையெடுப்பு.
இரண்டு வருடம் யாரும் இரவல் கேட்காதது களை,
கணினியின் கணக்கு அப்படி.
பத்தொன்பதாம் வரிசையில்
உடம்பைப் பற்றிய அந்த நீல அட்டைப் புத்தகம்.
இரவல்: பூஜ்யம்.

எடுக்கப் போனேன்.
முதுகு முறிந்திருந்தது.
ஐந்தாம் அத்தியாயம் தானாகத் திறந்தது
பழகிய வீட்டுக் கதவு மாதிரி.
ஓரத்தில் வறுவல் எண்ணெய்,
பென்சிலில் ஒரு கேள்வி,
கீழே வேறு கையெழுத்தில்
"எனக்கும்தான்."
அதற்கும் கீழே பச்சை மையில்
"பயப்படாதே, சரியாகிவிடும்."

பத்தொன்பதாம் வரிசை இல்லாமல்
பட்டியல் போனது திரு. மான்சிலாவுக்கு.
கூடவே, அதே நூலுக்கு இன்னொரு பிரதி கேட்டு ஒரு வரி.
காரணம்: மிகுந்த பயன்பாடு.
எண்ணிக்கை எங்கே என்றார் தொலைபேசியில்.
காற்று இரைகிறது, கேட்கவில்லை என்று
வைத்துவிட்டேன்.

புதுப் பிரதி வந்தது.
கிராஸ்னா வுகாசோவிச் நின்றபடி புரட்டினாள்,
வெறும் ஓரங்களைப் பார்த்தாள்,
வைத்துவிட்டுப் பழையதை இழுத்தாள்.

பழையதன் முதுகுக்கு டேப் ஒட்டினேன்.
ஒரு பென்சிலைக் கூராகச் சீவி
ஹீட்டர் மேல் மறந்ததுபோல் வைத்தேன்.
'நூல்களில் எழுதாதீர்' என்றொரு பலகை
நேர் மேலே தொங்குகிறது, என் கையெழுத்தில்.
நாளைக்கு ஏணி கொண்டுவர வேண்டும்.