அரக்கு போக

ஆம்பூரிலிருந்து இம்தியாஸ் அனுப்பிய பெட்டியில்
பிராண்ட் இல்லை, விலை இல்லை.
ஷூவின் நாக்குக்குப் பின்னால் பேனாவில் ஓர் எண்.
கூடவே ஒற்றைத் தாள்:
ஐம்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு நிரப்பவும்.

வங்கி திறக்குமுன்
நகைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
இடது நூற்றுத் தொண்ணூற்றாறு புள்ளி நாலு.
வலது நூற்றுத் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று.
எழுநூறு மில்லி வித்தியாசம்.
தங்கமென்றால் இந்நேரம்
மேனேஜர்வரை போயிருக்கும்.

"நியூட்ரல்" என்றான் போனில்.
உள்ளே சாயும் காலை நிமிர்த்தாது,
வெளியே சாய்வதையும் தடுக்காது,
நீ எப்படி ஓடுகிறாயோ
அப்படியே விட்டுவிடும்.
அதற்கு எதற்கடா சோதனை என்றேன்.
விட்டுவிடுகிறதா என்றுதான், என்றான்.

முதல் நாள் கானாடுகாத்தான் தெருக்களில்.
ஒரு வீட்டின் முகப்பில் தொடங்கினால்
அதே வீட்டின் பின்வாசல் வர
முக்கால் நிமிடம் ஆகிறது.
பூட்டிய கதவுகளுக்கு நடுவே
என் காலடி எனக்கே கேட்கவில்லை.
நாய்களுக்கும் கேட்கவில்லை.
நான் தாண்டிப் போனபின் பதறி எழுந்து
கடமைக்குக் குரைத்தன.

மறுநாள் செம்மண்.
பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வண்டித்தடம்,
முழுக்கச் சரளை.
ஒவ்வொரு கல்லையும் பாதத்தால் எண்ணலாம்,
அடி அவ்வளவு மெல்லிசு.
வெள்ளை வலைத்துணி காவியாகி
மூன்று தண்ணீர் மாற்றியும் வெளுக்கவில்லை.

ஞாயிறு, செட்டிநாட்டு விமானத்தளம்.
யுத்தத்துக்குப் போட்ட காங்கிரீட்.
வெடிப்புகளில் எருக்கு.
எதுவும் ஏறாத எதுவும் இறங்காத ஓடுதளத்தில்
ஓட நான்,
மேய யார் வீட்டு மாடுகளோ,
பழக எல் போர்டு மாட்டிய ஒரு மாருதி.

உரைகல்லில் நகையை இழுப்பதுபோல
ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கோடு.
கல் பொய் சொல்லாது என்று
இருபத்தாறு வருஷமாய்ச் சொல்லிவருகிறேன்.
நின்று, ஷூவைத் திருப்பிப் பார்த்தேன்.
இடதில் வெளிவிளிம்பு தேய்ந்திருந்தது.
அதுவும் இதற்குள்.
அப்படியானால் நான் சாய்கிறவன்.
நேராகத்தான் ஓடுகிறேன் என்று இத்தனை நாள்

"நியூட்ரல்ல போடுங்கம்மா! நியூட்ரல்!"

மாருதி குலுங்கி நின்றது,
என்னிடமிருந்து பத்தடியில்.

இறங்கியவரைத் தெரியும்.
பவுலின். ஆடி மாதம், இரண்டாம் கவுண்டர், நாலு வளையல்.
அறுத்துப் பார்க்கச் சம்மதித்தார்.
வரிசையில் பதினோரு பேர் கேட்க
நான்தான் சொன்னேன்:
"உள்ளே ஒண்ணுமில்லம்மா, அரக்குதான்."
அரக்கு போக எடை எழுதிய சீட்டை
எட்டாக மடித்தார்.
அடகு வைக்காமலே போனார்.

இப்போது என் காலைப் பார்த்தார்.
கையை நீட்டினார்.
ஏனென்று கேட்காமல்
வலதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
பனி காயாத காங்கிரீட்டில்
ஒற்றைக் காலில் நின்றேன்.
உள்ளங்கையில் வைத்து
இரண்டு முறை லேசாகத் தூக்கிப் போட்டார்,
எங்கள் ஆட்கள் செய்வதுபோலவே.

"என்ன சார், உள்ளே ஒண்ணுமில்லையே."

சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.
வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது.
பயிற்சிக்காரர் ஹாரன் அடித்தார்.
ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
முதல் கியரில்
ஒரு குலுக்கல் இல்லாமல் போனார்.

நேற்றோடு ஐம்பது முடிந்தது.
தாளை நிரப்பினேன்.
பெயர், கா. பஞ்சநாதன்.
பிடிப்பு, ஈரத்தில் வழுக்கும்.
குதிகால் உரசவில்லை. நாடா நீளம் அதிகம்.
எடை என்ற கட்டத்தில் மட்டும்
கிராமை எழுதி, அடித்துவிட்டு,
பவுலின் சொன்னதை எழுதினேன்.
இம்தியாஸ் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வான்.
எடுத்துக்கொள்ளட்டும்.

தேய்ந்த இடது விளிம்பைப் பற்றித்
தாளில் கேள்வி இல்லை.