பதினேழாம் பக்கம்

இறுதி அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.
பதினாறு பக்கம் முடித்துவிட்டேன்.
பதினேழில் ஒரே ஒரு கட்டம்,
தீப்பெட்டி அளவுகூட இல்லை:
‘அதிகாரம் பெற்ற பெண்களின் எண்ணிக்கை.’

நான் கணக்குக்காரி.
பால் கூட்டுறவில் பதினோரு வருடம்
லிட்டரை டிராமாக மாற்றியவள்.
எண் கேட்டால் எண் தருவேன்.
பேனா மூடியைக் கடித்தபடி
செவான் ஏரி உறைவதா வேண்டாமா என்று
இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

வந்த பணம் எளிது.
பன்னிரண்டு லட்சம் டிராம், ஆறு சூரிய விளக்கு,
பாலாடைக்கட்டி ஆலையிலிருந்து ஊர் முனை வரை.
இரவுப் பணி முடிந்து வருகிறவர்கள்
அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை
முன்பெல்லாம் பாடிக்கொண்டே கடப்பார்கள்.
பாட்டு பிடித்து அல்ல.
நாய்களுக்கும் நாய் அல்லாதவற்றுக்கும்
எத்தனை பேர் என்று தெரியட்டும் என்று.

மூன்றாம் விளக்கை யாரோ கல்லால் உடைத்தார்கள்.
மாற்றினோம். ரசீது இருக்கிறது.
குழி தோண்டியவர் மட்டும் ரசீது தரவில்லை.
“உன் அப்பனையே எனக்குத் தெரியும்,
என்னிடம் தாள் கேட்கிறாயா?”
இதர செலவில் எழுதினேன்.

இனி ஆட்கள்.

ஊர் மன்றத்தில் பட்ஜெட் வாசித்த நாள்.
பதினைந்து நாற்காலி.
பதினாலில் ஆண்கள், ஒன்றில் ஒரு கோட்டு.
ஷோகர் அந்தக் கோட்டை மடித்து
சொந்தக்காரர் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.
“சாலைப் பராமரிப்புக்குப் போன வருடமும் இதே தொகை.
எந்தச் சாலை?”
சுவரோரம் நின்ற எனக்கு
அவள் கையில் தாள் படபடத்தது கேட்டது.
தலைவர் தேநீர் வேண்டும் என்றார்.
வழக்கமாக எழுந்து போகிறவள் நான்.
கால் மரத்துப்போனதாக நடித்தேன்.
(இதைச் சேர்க்கலாமா?)

க்னாரிக் தேர்தலில் நின்றாள்.
ஒன்பது ஓட்டில் தோற்றாள்.
சரத்தோவில் தார் போடும் புருஷன்
ஒரு மாதம் போனை எடுக்கவில்லை.
பிறகு ஒருநாள் எத்தனை ஓட்டு என்று மட்டும் கேட்டானாம்.
நூற்று அறுபத்திரண்டு.
“அத்தனையா” என்று வைத்துவிட்டான்.

வார்சேனிக் நான்கு வகுப்புக்கும் வந்தாள்,
ஹீட்டருக்காகவும் சூப்புக்காகவும்.
நான்கிலும் தூங்கினாள்.
ஐந்தாவதுக்கு வீட்டுப் பத்திரத்தைப்
பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
“இதில் என் பெயர் எங்கே, காட்டு.”
மூன்று முறை தேடினோம். இல்லை.
பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.
அடுத்த வாரமும் வந்தாள்.
சூப்பைத் தொடவில்லை.

சத்தெனிக் பாதியில் நின்றுவிட்டாள்.
ஏனென்று கேட்கப் போனேன்.
கதவு நான்கு விரல் திறந்தது,
அந்த நான்கு விரலில் அவள் ஒரு கண்.
“விளக்கு நன்றாக இருக்கிறது” என்றாள்.
மூடினாள்.
கட்டத்தில் கழித்தல் குறிக்கு இடமில்லை.

நகரத்து அலுவலகப் பெண் போன் செய்தாள்,
நல்ல பெண், அவளுக்கும் வெள்ளிக்கிழமைதான்.
“தோராயமாகப் போடுங்கள், அர்ப்பினே.
இருபது பார்க்க நன்றாக இருக்கும்.”
மீதி ஆயிரத்து முந்நூற்று நாற்பது டிராமைத்
திருப்பி அனுப்ப வேண்டுமாம்.
அனுப்ப வங்கி ஆயிரத்து ஐந்நூறு கேட்கிறது.
அதற்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மணி பதினொன்று.
கட்டத்தில் ‘பின்னிணைப்பைப் பார்க்கவும்’ என்று
நுணுக்கி எழுதியிருக்கிறேன்.
பின்னிணைப்பு இன்னும் வெள்ளைத் தாள்.

ஆலைப் பக்கமிருந்து சத்தம்.
ஐந்து விளக்கு எரிகிறது,
ஆறாவது மேகத்தைக் குற்றம் சொல்கிறது.
வருகிறார்கள்.
இன்றும் பாடிக்கொண்டுதான் வருகிறார்கள்,
ஒருத்தி வரியை மறந்து எல்லோரும் திட்ட,
மறுபடி முதலிலிருந்து.

பழக்கமா, பிடித்தா என்று
நாளை கேட்டு எழுத வேண்டும்.