நாலு பேரும் நகர்ந்தால்

விடிந்தால் ஹர்த்தால் என்று
ராத்திரியே தெரிந்துவிட்டது.
வாளையாறு பாலத்துக்கு இந்தப் பக்கம்
என் கடைவாசலைத் தாண்டி
க.க. சாவடி வரைக்கும் லாரிகள்.
படிவம் எழுதிக்கொள்ள ஒருவரும் வரவில்லை.
ஜெராக்ஸ் மெஷினுக்குத் துணி போர்த்தினேன்.

ரெஜிமோன் அட்டைப்பெட்டியைத் திறந்தான்.
ஷார்ஜாவில் யாரோ வீடு காலி செய்தபோது
அவன் மாமன் பொறுக்கி அனுப்பியது.
மஞ்சளேறிய பெட்டி, நாலு கைப்பிடி,
ஒன்றில் பொத்தானை அமுக்கினால்
அமுங்கியபடியே நிற்கும்.
காயத்தில் ஊதுவதுபோல்
கேசட்டின் வாயில் ஊதினான்.

அவன், நான்,
செக்போஸ்ட்டில் கம்பம் ஏற்றி இறக்கும்,
அன்று ஏற்றவே வேண்டாத சுகுணன்.
நாலாவது ஆள்
சங்ககிரியிலிருந்து வெங்காய லோடோடு வந்த கிளீனர்.
குளிக்கத் தண்ணீர் கேட்டு வந்த சீரங்கன்
ஈரத் தலையோடு உட்கார்ந்துவிட்டான்.

பாதாளம்.
பொந்துகளிலிருந்து பேய்கள்
மண்ணெண்ணெய் வரிசைபோல் தள்ளிக்கொண்டு.
ஆளுக்கொரு எண் மேலே.
ஆயிரத்தில் தொடங்கும்,
அடிபட்டால் சரியும்,
சும்மா நின்றாலும் ஒன்று ஒன்றாகக் குறையும்.
"நின்னாக் கூடவா?" என்றான் சீரங்கன்.
எட்டி வெளியே பார்த்தான்.
தார்ப்பாயின் ஓரத்தில்
சொட்டத் தொடங்கியிருந்தது.

நாலு பேருக்கும் ஒரே திரை.
தனியே ஓடி ஓரத்தில் முட்டினால்
சுவர் இல்லாத இடத்தில் சுவர்.
மற்ற மூணு பேரும் வந்தால்தான்
அப்பால் என்று ஒன்று உண்டாகும்.
"இந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்"
என்றான் சுகுணன்.

"தாக்கோல்! தாக்கோல்!"
ரெஜி கத்தினான்.
தாக்கச் சொல்கிறானென்று
சீரங்கன் தாக்கினான், திசை பாராமல்.
மூலையில் தட்டில் இருந்த
ஒரே கோழிக்கறி
வெடித்துப் புகையாயிற்று.

"எடா, சாவி! சாவியாடா பறஞ்ஞது!"
"அப்ப சாவின்னு சொல்லு!"
தாழ்க்கோல், அது நம் பழைய சொல்தான்,
தாழைத் திறக்கிற கோல் என்றேன்.
யார் காதிலும் விழவில்லை.
கறி போன துக்கத்தில் இருந்தார்கள்.

நிஜத்திலும் சோறில்லை அன்று.
பன்னைப் பிளந்து வெங்காயம் வைத்துத் தின்றோம்,
லோடிலிருந்து,
டிரைவருக்குத் தெரியாமல்.
கண் எரிய எரிய
பதினேழாம் தளம் வரை இறங்கினோம்.

ஆறு மணி.
வரிசையின் தலையில் ஒரு ஹார்ன்,
பிறகு வால் வரைக்கும் ஹார்ன்.
தளும்பும் சொம்பை வைப்பதுபோல்
கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டு
சீரங்கன் ஓடினான்.
சோப்பு டப்பா என் மேஜையில் இருந்தது.

அவனுடைய மந்திரவாதி
நின்ற இடத்தில் நின்றான்.
அந்த ஓரத்தில் பாதிப் படிக்கட்டு தெரிந்தது.
இவன் வராமல் மீதிப் பாதி வராது.

"தீர்ந்ததும் தானே நகரும்" என்றான் சுகுணன்.
கணக்கு சரிதான்.
நானூற்றிப் பத்து இருந்தது.

கைப்பிடியை ரெஜி எடுத்தான்,
புரட்டிப் பார்த்தான்,
"அவன்டெ அல்லே" என்று
இருந்த இடத்திலேயே வைத்தான்.

பேய்கள் வந்தன.
மூணு பக்கமும் மூணு பேர் நின்றோம்.
நாலாவது பக்கம் சுவர் இருந்தது, நல்லவேளை.
பாலத்தில் ஏறும் ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும்
திரையில் அடித்து
எங்களை அழித்து அழித்துக் காட்டியது.

கடை ரசீதில் இருக்கும் நம்பருக்கு
போன் வந்தது, கஞ்சிக்கோடு தாண்டி.
"அக்கா, என் ஆளு இருக்கானா?"
பின்னால் டிரைவர் எதற்கோ வைகிறார்,
கியர் மாறுகிறது.

"நிக்கறான்டா" என்றேன்.
"எழுபத்தி மூணு."

அவன் ஒன்றும் பேசவில்லை.

"எழுபத்தி ரெண்டு."