மூன்று யூரோ நாற்பது

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு
சேன் தெனி பேருந்து நிலையத்தில்
ஐந்து பேருக்கும் நான்தான் சீட்டு வாங்கினேன்.
இந்தியாக்காரி, கணக்கில் கெட்டி என்று
யாரோ கிளப்பிவிட்ட பேச்சு.
நார்வேக்காரன் சிந்த்ரே
தூக்கத்திலேயே ஏறி
தூக்கத்திலேயே ஜன்னலோரம் பிடித்தான்.

எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று:
எதைப் பார்த்தாலும் தொண்ணூறால் பெருக்குவது.
ஒரு காப்பி நூற்றெண்பது ரூபாய்.
அந்தக் காசுக்கு வில்லியனூரிலிருந்து பாண்டிக்கு
எத்தனை தடவை போய்வரலாம் என்று
காப்பி ஆறும்வரை யோசித்தேன்.

வலப்பக்கம் கடல்.
இடப்பக்கம் மலை சரியாமலிருக்க
மலைக்கே வலை போட்டிருந்தார்கள்.
"எங்கள் ஊரும் தீவுதான்" என்றாள்
மடகாஸ்கர் ஹனித்ரா,
"இதை மடித்து அதன் சட்டைப்பையில் வைக்கலாம்."

சேன் பியேர் சந்தையில்
அன்னாசியைச் சீவி, உப்பும் மிளகாயும் தடவித் தந்தாள் ஒருத்தி.
செக் நாட்டுக் க்ளாரா அழுதாள்.
அழுதுகொண்டே இன்னொன்று கேட்டாள்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

அறை, மூன்று பேருக்கு.
தபால்பெட்டியில் வீட்டுக்காரம்மா பெயர்: சூப்ராமானியேன்.
நம்ம சுப்பிரமணியன்தான்,
கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்.
"உன் ஆள்தானே, பேசு, குறைப்பாள்"
என்று என்னை முன்னே தள்ளினார்கள்.
ஹனித்ராவும் பிரேசில் ஜோவாக்கிமும்
பின்பக்கம் லிச்சி மரத்தடிச் சுவரேறி
வரவேண்டும் என்பது ஏற்பாடு.
வந்துவிட்டார்கள், சிராய்ப்புகளோடு.

நான் வணக்கம் என்றேன்.
அம்மாவும் வணக்கம் என்றார்.
இருவருக்கும் இடையில் இருந்த தமிழ்
அந்த ஒரு சொல்லோடு தீர்ந்தது.
பிறகு பிரெஞ்சில், மெதுவாக,
எனக்குப் புரியவேண்டுமே என்ற அக்கறையோடு சொன்னார்:
"படியில் ஐந்து ஜோடிச் செருப்பு இருக்கிறது, மகளே.
கூடுதல் ஆளுக்குப் பத்து யூரோ."

செருப்பை வெளியே விடச் சொன்னது
நான்தான்.
ஐந்து பேரையும் அதட்டி,
வரிசையாக வேறு.

இருபது பெருக்கல் தொண்ணூறு.
ராத்திரி முழுக்க அதையே சொல்லிக் காட்டினார்கள்.
மீனவர் குப்பத்தில் ஆலமரத்தடியில்
டோமினோ பலகை படார் படாரென்று அதிர
ஜோவாக்கிம் உட்கார்ந்தான்.
பொதுப்பணத்தில் எட்டு யூரோ போயிற்று.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன்.
"போக்குவரத்து" என்றான்.

ஞாயிறு காலை, பவளத்திட்டுக்கு உள்ளே கடல்
தொட்டித் தண்ணீர் மாதிரி கிடந்தது.
கடலே இல்லாத நாட்டுக்காரி க்ளாரா
முழங்காலில் நின்றாள்.
இடுப்பில் நின்றாள்.
என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது.
ஒரு சின்ன அலை, அலை என்றுகூடச் சொல்லமுடியாது,
அவள் வாய்க்குள் போனது.
"உப்பு!" என்று கத்தினாள்
தன் பாஷையில்.
யாரும் மொழிபெயர்க்கவில்லை.

கரையேறி நனைந்த நோட்டைக் கொடுத்து
பன்னிரண்டு சமூசா வாங்கினேன்.
ஐந்தால் வகுபடாத எண்.
மிச்சம் இரண்டுக்கும் அடிதடி.

திரும்புகிற பேருந்தில்தான் உறைத்தது,
அந்தச் சமூசாவை நான்
எதாலும் பெருக்கவில்லை.

சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
எல்லோரும் எண்ணிக் கொடுத்தார்கள்.
சிந்த்ரே மட்டும் மூன்று யூரோ நாற்பது பாக்கி.
நாளைக்கு என்றான், கண்ணைத் திறக்காமல்.
நாளை, நாளன்று, டிசம்பர், விமான நிலையம்.
அவன் ஊரில் இப்போது
மதியமே இருட்டிவிடுமாம்.

வில்லியனூரில் அப்பா செய்தித்தாளைப் பார்த்து
யூரோ நூறு தாண்டிவிட்டது என்கிறார்.
வட்டியில்லாமலே ஏறுகிறது கடன்.
நான் கேட்கவில்லை.
ஏறட்டும்.