மூன்றுக்குப் பக்கத்தில்

கதவைத் திறந்தால் தெரியும் தூணில்
ஒட்டியிருந்தது அந்தத் தாள்.
முன் சக்கரம்: மூன்று.
மூன்றுக்குப் பக்கத்தில்
யாரோ நகத்தால் சுரண்டிய வெள்ளை.

வண்டியை எனக்கு விற்றவர் தக்கலைக்காரர்.
அவர் பிள்ளைக்கு அப்போது நாலு வயசாம்,
கையில் கிடைத்ததையெல்லாம் பிய்ப்பானாம்.
கையேடு?
"அத எலி தின்னுப் போட்டு.
நான் காத்தெல்லாம் பாத்ததில்ல கேட்டியளா,
சவிட்டிப் பாப்பேன்.
அமுங்கலேன்னா ஓட்டுவேன்."

நான் கருங்கல்லில் கூட்டுறவு வங்கிக் காசாளர்.
ஒரு ரூபாய் குறைந்தால்
ஏழு மணியானாலும் வீட்டுக்குப் போகாதவள்.
மூன்றுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாமல்
எப்படித் தூங்குவது?

பம்பில் பையன் குனிந்தபடியே சொன்னான்,
"எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு."
லாரிக்குமா?
"லாரிக்கு வேற அண்ணன் உண்டு."

குழித்துறை டயர்கடை ரசலையன்:
"முப்பது போதும். நம்ம ரோடு அப்பிடி.
காத்து கொறஞ்சா குழி தெரியாது."
மஸ்கட்டிலிருந்து கொழுந்தன்:
"நைட்ரஜன் அடிங்க மைனி."
எவ்வளவு என்று அவனும் சொல்லவில்லை.

முப்பதில்
ஸ்டீயரிங் ஈரப்போர்வையாய்க் கனத்தது.
முப்பத்தைந்தில்
வில்லுக்குறிப் பள்ளங்கள் ஒவ்வொன்றும்
என் கடைவாய்ப் பல்லில் கையெழுத்துப் போட்டன.

மானி ஒன்று வாங்கினேன், நானூற்று இருபது ரூபாய்.
விடியலில், சக்கரம் உருளும் முன்,
வால்வு மூடியைத் திருகி
தொலையாமலிருக்கப் பல்லிடையில் வைத்துக்கொள்வேன்.
நாக்கில் கறுப்பு ருசி.
குலசேகரத்துப் பக்கம்
கீறிய மரங்களில் பால் இறங்கும் நேரம் அது.
ஸ் என்று ஒரு நொடி முரண்டுபிடித்து
முள் நிற்கும்.
மார்த்தாண்டம் போய்த் திரும்பி
உச்சிவெயிலில் வைத்தால் நாலு கூடியிருக்கும்.
யாரும் ஊதவில்லை.
ஓடிக் களைத்த சக்கரம் சொல்லும் கணக்கை
நான் வரவில் எழுதுவதில்லை.

பின் இடது மட்டும் வாரத்துக்கு இரண்டு குறைந்தது.
சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தேன்.
வால்வின் கழுத்தில் ஒரு குமிழ்
வீங்கி உடைந்தது,
மறுபடி வீங்கியது.
திருடனை நேரில் பார்த்த சந்தோஷம்.
ரசலையன் உள்ளூசியை மாற்றி
பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சரி,
மூன்றுக்குப் பக்கத்தில்?

அறுப்பின் பண்டிகை ஞாயிறு.
கோயில் முற்றத்தில் நின்றது
என் வண்டியின் இரட்டைப் பிறவி, சாம்பல் நிறம்.
உள்ளே செந்துளுவன் குலை ஏலம்.
வெளியே நான்
அடுத்தவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு.

"எக்கா, என்ன தேடுதிய?"

பெரிய மீசை. கையில் ஏலத்தில் எடுத்த பூசணி.
சொன்னேன்.
சிரிப்பாரென்று நினைத்தேன்.
பூசணியை என் கையில் தந்துவிட்டு
கதவைத் திறந்தார்.

முன் முப்பத்து மூன்று.
பின் முப்பத்து மூன்று.
ஆள் நிறைந்தால் பின் முப்பத்தாறு.
மூன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு மூன்று,
அவ்வளவுதான்.

அதற்கும் கீழே
என் தாளில் முழுதாய்ப் போயிருந்த வரி:
ஸ்டெப்னி, அறுபது.

மூன்று வருஷம் அது என்னோடுதான் வந்தது,
டிக்கி விரிப்புக்கு அடியில்,
ரேஷன் அரிசிக்கும் கறிவேப்பிலைத் தைக்கும் அடியில்.
திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு
ஆறு தடவை,
அதை நம்பி.

நட்டைக் கழற்றினேன்.
மூடியைப் பல்லில் வைத்தேன்.
மானியை அழுத்தினேன்.
ஸ் இல்லை.
முள் அசையவே இல்லை.

"எவ்வளவு காட்டுது?" என்றார்.
வாயில் மூடி.
தலையை மட்டும் ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு தன் டிக்கியைத் திறந்து
இரண்டு சாக்கு, ஒரு மண்வெட்டி,
ஒற்றைச் செருப்பு ஒன்று
எல்லாம் எடுத்து வெளியே வைத்தார்.
"எக்கா, அந்தச் சாமானத்த
இஞ்ச ஒண்ணு தாருங்க."

உள்ளே ஒலிபெருக்கியில்
நாலாயிரத்து நூறு, ஒரு தரம்.
இரண்டு வண்டிக்கும் நடுவே
தரையில் பூசணி.