இரண்டு விரல்களுக்கான பள்ளம்

லூனன்பர்க்குக்கு மேற்கே, கடல் தெரியாத ஒரு மேட்டில்
வீனோ வீட்டுக் கார் கொட்டகை.
இறந்தவரின் சாமான்களை மேசை போட்டு விற்றார்கள்.
இழைப்புளி ஆறு டாலர்.
பின்பிடி முழுக்கக் கறுப்பு ஹாக்கி டேப்,
மட்டைக்குச் சுற்றுகிற அதே இறுக்கத்தில்.
"உள்ளே எப்படி இருக்குமோ, என்னைக் கேட்காதீர்கள்"
என்றாள் மகள் கார்மெல்.
எனக்கு இருந்தது ஒரே ஒரு வழக்கு:
மழை வந்தால் உப்பிக்கொள்ளும் குளியலறைக் கதவு.
பத்து வருஷமாகத் தோளால் சாத்துகிறேன்.

மதியம், பிள்ளைகள் இல்லாத பள்ளிப் பேருந்தில்
ஸ்டீயரிங்கில் முட்டுக்கொடுத்து டேப்பை உரித்தேன்.
கடைசிச் சுற்றோடு
பிடியின் கொம்பு மடியில் விழுந்தது.
அது எதிர்பார்த்ததுதான்.
எதிர்பாராதது, யாரோ அரம் போட்டு ராவி
இரண்டே விரல்களுக்குப் பள்ளம் செய்திருந்தது.
என் மீதி விரல்கள்
இருக்கை கிடைக்காத பிள்ளைகள்போல்
மரத்தின்மேல் முட்டிக்கொண்டு நின்றன.

அன்றிரவே வீனோவுக்கு ஒரு வாழ்க்கை அமைத்துக் கொடுத்தேன்.
ஒரு மீன்பிடிப் படகு. மூடுபனி.
கயிறு சுற்றும் உருளை.
கையுறைக்குள்ளேயே தங்கிவிட்ட இரண்டு விரல்கள்.
படகுக்கு நீல நிறம்கூட அடித்துவிட்டேன்.

மரம், பக்கத்து வீட்டு ஆர்மண்ட் தந்த ஆப்பிள் கட்டை,
புயலில் அவர் கொட்டகைமேல் சாய்ந்தது.
முனைகளுக்குச் சமையலறைப் பெயின்ட் பூசி
இரண்டு குளிர்காலம் காயப் போட்டேன்.
அப்படியும் வெடித்தது, கொஞ்சம்.
முதல் பிடியில் இழை செங்குத்தாக ஓடியது.
மரையை முடுக்கியதும் கொம்பு போயிற்று.
இழை அடித்தகட்டோடு படுத்து ஓட வேண்டுமாம்,
உடைந்த பிறகுதான் மரம் அதைச் சொல்லும்.
இரண்டாவதில், தண்டு நுழைய
மேலிருந்து ஒரு துளை, கீழிருந்து ஒரு துளை.
நடுவில் சந்திக்க மாட்டேன் என்றன,
என் அக்காவும் அவள் கணவரும் மாதிரி.
மூன்றாவது அமைந்தது.
ராவுவது, பிடித்துப் பார்ப்பது, ராவுவது.
உள்ளங்கை எங்கே குழிகிறது என்று
ஐம்பத்தோரு வயதில் தெரிந்துகொண்டேன்.
முன்குமிழைத் துளைப்பானில் மாட்டிச் சுழலவிட்டு
உப்புத்தாள் காட்டினேன். சற்றே கோணல்.
இருக்கட்டும்.
ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு,
பித்தளை மரைகளுக்கு வினிகரும் உப்பும்.

பழைய பிடியை பிஸ்கட் டப்பாவில் வைத்து
கார்மெலிடம் கொண்டுபோனேன்,
அப்பாவின் கை ஆயிற்றே என்று.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அப்பாவுக்குப் பத்து விரலும் இருந்ததே.
ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆர்கன் வாசித்தார்.
இது ஏதோ ஏலத்தில் வாங்கியது,
டிவிக்குப் பக்கத்தில் கிடக்கும்.
டேப் என் தம்பி சுற்றியது.
அவன் நாய்க்கும் சுற்றியிருக்கிறான்."

திரும்பும் வழியெல்லாம்
பக்கத்து இருக்கையில் அந்த ஆள்,
யாரென்று தெரியாத ஆள்,
படகையும் நான் பிடுங்கிக்கொண்ட பிறகு
இரண்டு விரல்களை மடியில் வைத்துக்கொண்டு.
சீட் பெல்ட் போடுங்கள் என்று
சொல்லப் பார்த்தேன்.

கதவைக் கீல் கழற்றிக் கிடத்தினேன்.
முதலில் வந்தது பெயின்ட்:
வெள்ளை, பச்சை, யார் ரசித்ததோ ஒரு இளஞ்சிவப்பு.
அப்புறம் மரம்,
நாடா நாடாவாக, காலடியில் சுருண்டு.
நான்கு விரலும் பிடியில் இருந்தன, வலிக்கவில்லை.
மாட்டினேன். ஒற்றை விரலால் சாத்தினேன்.
சாத்தினேன், திறந்தேன், சாத்தினேன்,
யாரும் உள்ளே போக வேண்டியிராமலே.

ஜனவரியில் ஹீட்டர் காற்று பட்டு
கதவு சுருங்கிவிட்டது.
உப்பும் மாதத்தில் இழைத்தால்
வற்றும் மாதத்தில் இடைவெளி.
இப்போது தாழ் சட்டத்தை எட்டவில்லை.
குளிக்கையில் தானாகத் திறந்து
கூடத்தைக் காட்டுகிறது.

அடியில் செருக ஆப்பு தேடினேன்.
பிஸ்கட் டப்பாவில் இருந்தது.
உடைந்த கொம்புப் பக்கம் சரியாக நுழைகிறது.
காலையில் அதை உருவ
இரண்டு விரல் போதும்.